எண்ணெய் விலை

மஹ்பூலாவில் ஆறாவது மாடி.
பதினோரு பேர், மூன்று அறை, ஒரு அடுப்பு.
மெஸ் நோட்டு என் பொறுப்பு.

பகலில் ஒரு கம்பெனிக்குச் சம்பளக் கணக்குப் போடுகிறேன்.
அதில் வரி என்றொரு கட்டமே கிடையாது.
கொடுத்துவைத்தவன் என்பான்
ஊரிலிருந்து பேசும் மச்சான்.
அக்காமாவுக்கு, இன்சூரன்சுக்கு, மெடிக்கலுக்கு,
கபில் நீட்டும் கைக்கு
போவதையெல்லாம் நாங்கள்
செலவு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.
பெயரை மாற்றினால்
கோபம் வந்து நிற்க இடம் தெரியாமல் போய்விடுகிறது.

போன வருஷம் வில்லாயுதத்துக்கு வேலை போனது.
சாரம் கட்டுகிறவன். சைட்டையே மூடிவிட்டார்கள்.
பாஸ்போர்ட் கம்பெனியில்,
பாக்கிச் சம்பளம் கோர்ட்டில்,
ஆள் எங்கள் சமையலறையில்.

ஆளுக்கு ஒரு தினார் கூட்டினேன்.
தனி வரியில், சிவப்பு மையில்,
‘வில்லாயுதம் சாப்பாடு’ என்று
நேர்மையாக எழுதினேன்.

முதல் மாதம் எல்லோரும் கொடுத்தார்கள்.
இதயதுல்லா இரண்டு தினார் கொடுத்தான்.
இரண்டாம் மாதம்
சகாயராஜின் கண் தட்டுக்குப் போனது.
“ரெண்டாவது முட்டை யாரு எடுத்தது?”
மூன்றாம் மாதம் இதயதுல்லாவே கேட்டான்,
“போனுக்கு மட்டும் ரீசார்ஜ் எங்கேர்ந்து வருது?”

பிறகு ஒரு சட்டம் போட்டோம்.
கோர்ட் பேப்பரை வெள்ளிக்கிழமைதோறும் காட்ட வேண்டும்.
காட்டினான்.
அரபி வாசிக்கத் தெரியாத பத்துப் பேரும்
வாங்கி வாங்கிப் பார்த்தோம்.
ஒருவன் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான்.

அதன்பின் வில்லாயுதம்
கேட்காமலே பாத்திரம் கழுவினான்.
எல்லோரும் தூங்கிய பிறகு சாப்பிட்டான்.
ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன்
கதவோரம் நின்றுவிட்டேன்.
விளக்குப் போடாமல்,
கரண்டி சட்டியில் இடிக்காமல்
கையாலேயே சோறு எடுத்துக்கொண்டிருந்தான்.
திருடனுக்கு இருக்கும் கவனம் அது.

என் ஆபீசில் பதர் என்றொரு குவைத்தி.
ரேஷனில் அரிசி வாங்குகிறான், பால் பவுடர் வாங்குகிறான்.
அவன் கார் பெரிது, வீடும் பெரிது.
உனக்கெதற்கு என்று யாரும் கேட்டதில்லை,
கேட்கிறவனுக்கும் கிடைக்கிறதே.
உதவி என்ற சொல் அவன் வாயில் வந்ததில்லை.
“என் பங்கு” என்பான், சாவியைச் சுழற்றிக்கொண்டே.

அடுத்த மாதம் சிவப்பு மையை எடுக்கவில்லை.
எண்ணெய்க்கு நேரே பத்து தினார் கூட்டி எழுதினேன்.
“எண்ணெய் ஏறிடுச்சா?”
“ஏறிடுச்சு.”
“இந்த ஊர்ல எண்ணெய் ஏறினா சந்தோசம்ல படணும்!”
சிரித்தார்கள். கொடுத்தார்கள்.
கோர்ட் பேப்பரை யாரும் கேட்கவில்லை.
வில்லாயுதம் வெளிச்சத்தில் உட்கார்ந்தான்.
இரண்டாவது முட்டை
வெறும் முட்டையாயிற்று.

கேஸ் முடிந்து அவன் ஊர் போன பிறகும்
நான் எண்ணெயை இறக்கவில்லை.
அடுத்தவன் யாரென்று எனக்குத் தெரியாது,
அவனுக்கும் தெரியாது.

தை மாதத்தில் சகாயராஜ்.
ஒர்க் ஷாப்பில் ஆள் குறைத்தார்கள்.
மூன்று மாதம் மெஸ் காசு கேட்கவில்லை.
“அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.
ஒருநாள் நோட்டை எடுத்துப் புரட்டினான்.
தன் பெயர் எங்கே இருக்கிறதென்று
பக்கம் பக்கமாகத் தேடினான்.
இல்லை.
மூடி வைத்துவிட்டு
மீன் குழம்பு நல்லாருக்கு என்றான்.

சொல்லியிருக்க வேண்டுமா?
தெரியாமல் கொடுத்தவனை
நல்லவன் என்று எந்த நோட்டில் எழுதுவது?
பொய்க்கணக்கு எழுதுகிறவன் நான்
இதைக் கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

புது வேலை கிடைத்து
முதல் சம்பளம் வாங்கிய அன்று
சகாயராஜ்தான் பேச்சை எடுத்தான்.
“எண்ணெய்க்கு ரொம்பப் போகுதுண்ணே.
பிராண்டை மாத்துவோம்.”
ஒன்பது தலை ஆடியது.

சரி, மாற்றுவோம் என்றேன்.

அந்த மாதத்திலிருந்து
எங்கள் வீட்டில்
வெங்காயம் விலை ஏறியது.